அண்ணனின் வேகம்

அக்கா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், இரண்டு கிலோ கூடியிருக்கிறேன், நல்ல போர்வை வாங்கிவிட்டேன். என்னை நினைத்து நீ கவலைப்பட ஒன்றுமில்லை.

நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று முறை கேட்டேன். அண்ணி ஊருக்கு வந்ததும் நேராக நம் வீட்டுக்கு வந்தார்களாம். உன் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் தம்பி மாதிரி ஒருவர் இல்லை என்று அழுதார்களாம். அம்மா அதை அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றாய். அதை நிறுத்தச் சொல். ஏன் என்று சொல்கிறேன், கடைசிவரை கேள், நடுவில் போன் செய்யாதே.

நான் அண்ணன் என்று கூப்பிடுவது என் பக்கத்து மேசைக்காரரை, அண்ணி அவர் மனைவி. என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர் அவர். ஆபீசில் அவருக்கு இஞ்ச் டேப் என்று பட்டப்பெயர். எதையும் மூன்று முறை அளந்து பார்த்துவிட்டுத்தான் தொடுவார். நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் வாரம் எனக்கு வீடு பார்த்துக் கொடுத்தவர் அவர்தான், அவர் குடியிருந்த அதே கட்டடத்தில், இரண்டு மாடி கீழே.

எங்கள் டீமில் ஆறு பேர். பார்சல் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறோம். எந்தப் பார்சல் எந்த வண்டியில் ஏற வேண்டும், தவறான வீட்டுக்குப் போனதை எப்படித் திருப்பி வரவழைப்பது, இந்த மாதிரி வேலை. இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று. சுற்றின் முதல் திங்கட்கிழமை, கண்ணாடி அறையில் எல்லோரும் உட்காருவோம். ஆளுக்கு ஒரு கட்டு சீட்டு இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பதின்மூன்று என்று எண் போட்ட சீட்டுகள். மேனேஜர் ஒரு வேலையை வாசிப்பார். அது எவ்வளவு கனம் என்று ஒவ்வொருவரும் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். பெரிய எண் காட்டியவரும் சின்ன எண் காட்டியவரும் காரணம் சொல்ல வேண்டும். பிறகு பேசி ஒரு எண்ணை முடிவு செய்வார்கள்.

மற்ற டீம்களில் மொத்த டீமுக்கும் சேர்த்து ஒரே வேகம்தான் பார்ப்பார்கள். எங்கள் மேனேஜர் மட்டும் ஆளுக்கு ஒரு வேகம் என்று வெள்ளைப் பலகையில் பெயருக்கு நேரே எழுதி வைத்திருந்தார். போன சுற்றில் நீ முடித்த கனம் எவ்வளவோ, அதுதான் உன் வேகம். அடுத்த சுற்றில் அதற்குக் குறையாமல் கிடைக்கும், முடிந்தால் ஒன்று இரண்டு கூடவும் கிடைக்கும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, அக்கா. நான் வரும்போதே அந்தப் பலகை அங்கே இருந்தது.

அண்ணன், நான் இருவரில் ஒருவரைத்தான் கம்பெனி நிரந்தரம் செய்யும் என்று ஆடி மாதம் உனக்குச் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? மற்றவர் வேலை அனுமதி முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும். நீ அன்று, "நீ திரும்பி வந்துட்டா அப்பா மூஞ்சில நாங்க எப்படிடா முழிப்போம்?" என்று கேட்டாய். உன்மேல் குறை சொல்லவில்லை. கேட்டாய் என்று மட்டும் சொல்கிறேன்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை, பழைய முகவரித் திரையை மாற்றும் வேலை வந்தது. அண்ணன் எட்டு வைத்திருந்தார். நான் மூன்று.

"இஞ்ச் டேப், எட்டு எதுக்கு?" என்றார் மேனேஜர்.

"அது ரொம்பப் பழசு மேடம். உள்ள யார் யார் என்னென்ன புதைச்சு வச்சிருக்காங்களோ. தோண்டுனாத்தான் தெரியும்."

"நீ ஏம்ப்பா மூணு?"

"நான் செஞ்சா பதிமூணு மேடம். அண்ணன் செய்யப்போறாருன்னு நெனச்சு மூணு போட்டேன். அவர் கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனுக்குக் காது மடல் சிவந்துவிட்டது. சீட்டைக் கட்டுக்குள் செருகியபடி, "சரி, தம்பி சொல்லுது, மூணே போட்டுக்கங்க" என்றார்.

அன்றுதான் எனக்குப் புரிந்தது. அவரோடு வாதாடினால் அவர் அசையமாட்டார், அளந்து அளந்து பதில் சொல்வார். பாராட்டினால் அவரால் மறுக்க முடியாது. எட்டு கனமுள்ள வேலையை மூன்று என்று எழுதினால், மிச்சமுள்ள ஐந்துக்கு வேறு வேலை வந்து அவர் தலையில் சேரும். அவர் முடிக்கமாட்டார், பலகையில் அவர் வேகம் இறங்கும், என்னுடையது மேலே நிற்கும். நான் நினைத்தது அவ்வளவுதான். போட்டி என்றால் யாரும் செய்வதுதான்.

ஆனால் அவர் முடித்துவிட்டார். லேப்டாப்பை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் முடித்தார், யாரிடமும் சொல்லவில்லை. பலகையில் அவர் வேகம் ஏறியது. "பாத்தீங்களா மேடம், நான் சொன்னேன்ல?" என்றேன். அடுத்த சுற்றில் இன்னும் இரண்டு கூடியது. நான் மறுபடி சின்ன எண் காட்டினேன், மறுபடி பாராட்டினேன். அவர் மறுபடி முடித்தார்.

தினமும் காலை பத்து மணிக்கு எல்லோரும் வட்டமாக நின்று, நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்வோம் என்று சொல்ல வேண்டும். அது முடிந்ததும் காபி மெஷின் பக்கம் அவரைப் பிடிப்பேன்.

"அண்ணே, நேத்து எவ்வளவு நேரம் தூங்குனீங்க?"

"அஞ்சு மணி நேரம் இருக்கும்ப்பா."

ஒரு வாரம் கழித்து நாலரை. அப்புறம் நாலு. "தூக்கத்துக்கும் சீட்டு போடலாமா தம்பி?" என்று ஒருநாள் கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். மேசைக்கு வந்து தேதி போட்டு எழுதிக்கொண்டேன். வேலையில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அளக்காத எதையும் திட்டமிட முடியாது என்று.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், கட்டடத்தின் கீழே துணி துவைக்கும் அறையில் அண்ணியைப் பார்த்தேன். காய்ந்த படுக்கை விரிப்பின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார்கள். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து மடித்தோம்.

"டாக்டரைப் பாத்துட்டு வந்தோம் தம்பி. இதயத் துடிப்பு தாளம் தப்புதாம். மாத்திரை குடுத்திருக்காரு. ஆனா ஆறு மணி நேரமாவது தூங்கியே ஆகணும், இல்லன்னா மாத்திரையும் கேக்காதுன்னுட்டாரு."

"ஆபீஸ்ல சொன்னாரா அண்ணி?"

"சொன்னா கழட்டி விட்டுருவாங்கன்னு பயப்படுறாரு. யார்கிட்டயும் மூச்சு விடாதங்கறாரு. நீங்கதான் தெனமும் தூங்குனீங்களான்னு கேக்குறீங்களாமே, வீட்டுல வந்து சொல்லுவாரு. வேற யாரு கேக்குறா? கொஞ்சம் பாத்துக்கங்க தம்பி."

"நான் பாத்துக்கறேன் அண்ணி."

நான் வாக்குத் தவறவில்லை. அதற்குப் பிறகு அவரை என் அளவுக்கு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். படி ஏறும்போது எந்த மாடியில் நிற்கிறார், நகம் என்ன நிறம், வாக்கியத்தின் நடுவில் எத்தனை முறை மூச்சு வாங்குகிறார், எல்லாம் பார்த்தேன்.

அடுத்து வந்த திங்கட்கிழமையைப் பற்றித்தான் நான் கொஞ்சம் கவனமாகச் சொல்ல வேண்டும். திரும்பி வரும் பார்சல்களுக்கான முழு வழியையும் புதிதாக எழுதும் வேலை வந்தது. அண்ணன் பதின்மூன்று வைத்தார். மற்றவர்களும் பதின்மூன்றுதான். நான் ஐந்து. மேனேஜர் அண்ணனின் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "என்ன இஞ்ச் டேப், ஒரு மாதிரியா இருக்கீங்க? இதை ரெண்டா பிரிச்சு நீங்க பாதி, தம்பி பாதி எடுத்துக்கங்களேன்" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சரி என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஒரே வார்த்தை.

"வேணாம் மேடம். ரெண்டு கை பட்டா இது கெட்டுரும். அண்ணன் தனியா செஞ்சாத்தான் சுத்தமா வரும். அவரால முடியாதுன்னு யாராவது சொல்லட்டும் பாப்போம்."

யாரும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. வெளியே வரும்போது என் தோளில் கை போட்டு, "உனக்கு என்மேல இவ்வளவு நம்பிக்கையாடா?" என்று கேட்டார். கை சில்லென்று இருந்தது.

அந்த வாரம் மூன்று மணி நேரம், மூன்று, இரண்டரை. அடுத்த வாரம் புதன்கிழமை, தூங்கவே இல்லை என்றார். வியாழக்கிழமை காலை வீட்டு வாசலில் ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. நான்தான் மேலே ஓடினேன். நான்தான் ஆம்புலன்சில் கூடப் போனேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் கை விரித்ததும் அண்ணி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது நானும் அழுதேன். அது பொய் இல்லை.

சுற்று முடிந்ததும், எது நன்றாக நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசும் கூட்டம் உண்டு. அன்று நான்தான், "அவரைக் கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கலாம்" என்றேன். மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதைப் பலகையில் எழுதினார். பத்து நாளில் எனக்கு நிரந்தரக் கடிதம் வந்தது. நீ அதைத்தான் அம்மாவின் படுக்கைக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறாய்.

நீ இப்போது என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். அந்த வார்த்தையைச் சொல்லாதே. ஒரு மனிதரைப் பிடித்துத் தள்ள என்னால் முடியாது, பல்லியை விரட்டக்கூட உன்னைத்தான் கூப்பிடுவேன். பெரிய வேலையாக இருந்திருந்தால் நான் தொட்டிருக்கவே மாட்டேன். இது துண்டு துண்டாக வந்தது. ஒவ்வொரு துண்டும் சின்னது. ஒரு சீட்டைத் திருப்புவது, ஒரு பாராட்டு, காபி மெஷின் பக்கம் ஒரு கேள்வி. இதில் எந்தத் துண்டை எடுத்து போலீசிடம் காட்டுவாய்? சீட்டில் இருந்த எண்கூட என் அபிப்பிராயம்தான். அபிப்பிராயத்தில் பொய் கிடையாது.

ஆனால் அண்ணி உன்னிடம் நன்றி சொல்வதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் இதைச் சொல்கிறேன். செய்ததைச் செய்தேன் என்று சொல்லத் தெரியாதவன் இல்லை நான். துணி மடித்த அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே உட்கார்ந்து, தூக்கக் கணக்கை வைத்து ஒரு மதிப்பீடு போட்டேன். இப்படியே போனால் அவர் இன்னும் மூன்று சுற்று தாங்குவார் என்று வந்தது. அவர் ஒரு சுற்றைக்கூட முடிக்கவில்லை. அந்த இடத்தில் நான் தவறு செய்துவிட்டேன், அக்கா. அதை ஒப்புக்கொள்கிறேன். இனி ஆட்களுக்கு எண் போடும்போது இன்னும் கவனமாக இருப்பேன்.