கடைசி வரியில் ஒரு ‘நாம்’

மேடையில் இருக்கும் பதிப்பாளர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, எழுத்தாள நண்பர்களே, நாற்காலி போதாமல் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

நான் மெய்ப்புத் திருத்துபவள். அக்கா எழுதியதில் பிழை தேடுவது என் வேலை.

அஞ்சலிப் பேனரில் அவர் படத்துக்குக் கீழே எழுத்தாளர் என்று போட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு அவர் லிஃப்ட் அக்கா. அவர் கதைகளில் ஒரு பழைய கட்டடத்தின் லிஃப்ட், தரைத்தளத்தோடு நிற்காமல், அதற்கும் கீழே ஒரு நாட்டுக்கு இறங்கும். ஓர் அண்ணன், ஒரு தங்கை, எதிர்வீட்டுப் பெண். புத்தகம் புத்தகமாக அவர்களை இறக்கி, பத்திரமாக ஏற்றிக்கொண்டு வந்தவர் நம் லிஃப்ட் அக்கா.

அவரால் எத்தனை லிஃப்ட் பழுதாகியிருக்கும்? ஒரு குடியிருப்பிலிருந்து எங்கள் பதிப்பக அலுவலகத்துக்கே ஃபோன் வந்தது. “உங்க புத்தகத்தைப் படிச்சிட்டு பிள்ளைங்க எல்லா பட்டனையும் ஒண்ணா அமுக்குதுங்க மேடம். ரிப்பேர்காரருக்கு நீங்களே பதில் சொல்லுங்க.” அக்காவிடம் சொன்னேன்.

“கீழே போச்சாமா?” என்று மட்டும் கேட்டார்.

கீழே இருட்டா இருக்குமா என்று கேட்காத பிள்ளை உண்டா? “இருக்கும். ஆனா நீ தனியா இருக்க மாட்டே” என்பார். இருட்டு இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

இப்போது அச்சுக்குக் காத்திருப்பது அவருடைய கடைசிப் புத்தகம். இதன் முடிவில் லிஃப்ட் வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிடுகிறார்கள். எல்லாப் புத்தகங்களிலும் கதை சொல்வது அந்தத் தங்கைதான். நாங்கள் இறங்கினோம். நாங்கள் ஓடினோம். நாங்கள் ஒளிந்துகொண்டோம். கடைசி வரி மட்டும் வேறு: ‘நாம் மேலே வந்தோம்.’

பென்சிலால் வட்டம் போட்டேன். தாளை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். அக்காவின் ஒரு கையில் சலைன் ஊசி. மறு கையால் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“இது என்ன வட்டம்?”

“எல்லாத்துலயும் ‘நாங்கள்’தான்க்கா. இங்க மட்டும் ‘நாம்’னு இருக்கு. கைதவறிடுச்சோன்னு...”

“இதுக்கு அப்புறம் லிஃப்ட் கீழே போகாது, இல்ல?”

“போகாது.”

“படிக்கிற பிள்ளையும் கூடவே இறங்கி வந்திருக்கு. அதை மட்டும் அங்கேயே விட்டுட்டு வரச் சொல்றியா?”

கைப்பைக்குள் ரப்பரைத் தேடினேன்.

“மெதுவாத் தேடு. நான் எங்கேயும் போகல.”

நேற்று பதிப்பாளர் ஐயா சொன்னார்: “‘நாங்கள்’னே போட்டுடலாம்மா. அச்சுப்பிழைன்னு யாராவது சொன்னா, விளக்கம் கொடுக்க அவங்க இல்லையே.” அக்காவின் பெயர் கெடக்கூடாது என்ற கவலை அவருக்கு. நியாயம்தான்.

இல்லையே. அந்தச் சொல்லைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

ஐயா, விளக்கம் சொல்ல நான் இருக்கிறேன். இந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வரியை அப்படியே விட்டுவிடுவோம். பேசக்கூட வேண்டாம், தலையசைத்தால் போதும்.

அசைக்கிறார். பிள்ளைகளே, நீங்கள் சாட்சி.

‘நாங்கள்’ என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். காலையிலிருந்து இந்த அறையில் எல்லோரும் ‘நாங்கள் இழந்துவிட்டோம்’ என்கிறோம். நானும் சொன்னேன்.

அக்கா, புத்தகம் வரும். நீங்கள் எழுதியபடியே வரும். இறங்குகிற பிள்ளை ஒன்றுகூட கீழே தங்காது. தலையை எண்ணிப் பார்த்தால் நீங்கள் மட்டும் குறைகிறீர்கள். அதனால் அந்த வரியை உங்கள் படத்தைப் பார்த்து ஒருமுறை சொல்லிவிட்டு இறங்குகிறேன்.

நாம் மேலே வந்தோம்.