மெனுவில் பூமழை

மழை தொட்ட சிமெண்ட் தூசி ஜன்னல் வழியே மணந்தது. சாவு வீடுகளுக்குப் போன என் பழைய பயணங்களெல்லாம் அந்த வாசனையோடு பஸ்ஸில் ஏறிக்கொண்டன. பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் காலை வண்டி. முன் சீட்டில் ஸ்டுடியோக்காரர் ஒருவர், மடியில் லேப்டாப். பக்கத்தில் ஒரு பெண், கையில் டிவிடி.

"எங்க வூட்டுக்காரரு மேல லாரி மோதுறதுக்கு முன்னாடியே படம் நின்னுடுதுண்ணே. வக்கீல் திட்டுறாரு. இன்னைக்கு கோர்ட்ல குடுக்கணும்."

"டீக்கடை கேமரா படம் மொத்தம் ரெண்டு மணி நேரம்மா. இடம் பத்தும்னுதான் சாஃப்ட்வேர் காட்டுச்சு. மெனு புடிக்கிற இடத்த அது கணக்குல சேக்கல."

"படத்த வெட்டக் கூடாதுன்னுட்டாரு வக்கீல்."

"சுருக்கவும் முடியாது. லாரி நம்பர் மங்கிடும்."

"மெனுன்னா என்னண்ணே?"

"டிஸ்க்கப் போட்டதும் மொதல்ல வருமே, அது. உங்க வூட்டுக்காரரு போட்டோ, சுத்தி பூமழை, பின்னாடி நாதஸ்வரம். கல்யாண டிஸ்க்குக்குப் போட்டுப் போட்டு, கை தன்னால போட்டுடுச்சும்மா."

அவள் சிரித்துவிட்டாள். உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"கோர்ட்டுக்கு நாதஸ்வரமா? அவரு இருந்தா ஊரு பூரா சொல்லிச் சொல்லி உங்கள ஓட்டியிருப்பாரு. எடுத்துடுங்கண்ணே."

அரியலூரில் இருவரும் இறங்கினார்கள். நானும் பின்னாலேயே இறங்கினேன்.

"ஃப்ரெண்டு கடையில மெனு இல்லாம புது டிஸ்க்குல ஏத்திடுறேன். கடைசி வரைக்கும் ஓடுதான்னு ஒரு தடவ உக்காந்து பாத்துடணும்மா."

"நீங்க பாருங்கண்ணே. நான் கோர்ட்டு வாசல்ல நிக்கிறேன்."