கைக்கெட்டும் தூரம்

சின்னப் பிள்ளைகள் வயிற்றோடுதான் கட்டிப்பிடிப்பார்கள். அவர்களுடைய உயரம் அவ்வளவுதான். வீட்டில் கார்டெரி வைத்து மற்றவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற எவளுக்கும் இது தெரிந்திருக்கும். காலையில் தாய்மார் விட்டுவிட்டுப் போகும்போது அழுதுகொண்டு ஓடிவந்து என் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு முகத்தைப் புதைப்பார்கள். மூக்குச்சளி முழுவதும் என் கார்டிகனில் இருக்கும். நான் ஒரு பிள்ளையையும் தள்ளிவிட்டதில்லை. ஆகவே எதை வாங்கினாலும் அது பிள்ளைகளின் முகத்தில் இடிக்கக்கூடாது என்பதுதான் என் முதல் யோசனையாக இருந்தது.

இதை நீங்கள் உங்கள் பொலிஸ் அறிக்கையில் எழுதிக்கொள்ளவேண்டும். சிவமலர் யோசிக்காமல் ஒன்றும் செய்கிறவள் அல்ல.

உங்களோடு இருந்து மொழிபெயர்க்கிற இந்தக் கயல் சென்னைப் பிள்ளை. நான் சமையலறையைக் குசினி என்றால் ஒரு கணம் திகைக்கிறாள், பிறகு பிடித்துக்கொள்கிறாள். "கொஞ்சம் மெதுவா சொல்லுங்கம்மா" என்கிறாள். மெதுவாகவே சொல்கிறேன். அவளுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும்.

இந்த நாட்டில் அப்படிப்பட்ட சாமானைக் கடையில் வாங்கமுடியாது, உடம்பில் மறைத்துக்கொண்டு திரிவது குற்றம் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அந்தக் குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன். யாரிடம் வாங்கினேன் என்று முதலிலும் கேட்டீர்கள். எங்களுடைய பெடியன் ஒருவன் என்பதற்கு மேல் சொல்லமாட்டேன். அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள்.

ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் விற்கிறவர் என்னைக் கண்டால் சிரிப்பார். ஒவ்வொன்றாகத் தூக்கி, காம்பைப் பார்த்து, அமத்திப் பார்த்துத்தான் எடுப்பேன். அந்தச் சாமானை வாங்கின அன்றைக்கும் அப்படித்தான் பார்த்து எடுத்தேன். அந்தப் பெடியன் தன் காரின் பின்சீட்டில் துவாயை விரித்து மூன்றை வைத்திருந்தான். ஒன்று தட்டையான பிஸ்டல். மறைப்பதற்கு நல்லது, ஆனால் மேல்பக்கத்தைப் பின்னால் இழுக்கவேண்டும். பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி என் மணிக்கட்டு போய்விட்டது, இழுக்க முடியவில்லை. மற்றது நீண்ட குழல் வைத்த ரிவோல்வர். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலத்தில் சம்மணம் கட்டி இருந்தால் விலாவில் குத்தும். நான் நாளில் பாதியை நிலத்தில்தான் கழிக்கிறேன்.

மூன்றாவதுதான் உங்களிடம் இருப்பது. குழல் கட்டை. உள்ளங்கையில் அடங்கிவிடும். பின்பக்கத்தில் கொக்கி போல ஒன்றும் துருத்திக்கொண்டு நிற்காததால் கம்பளி நூலில் மாட்டாது. விசை நல்ல இறுக்கம், சின்ன விரலால் இழுக்க ஏலாது. அதைத்தான் நான் இரண்டாம் தரமும் கேட்டு உறுதிப்படுத்தினேன். மக்னம் குண்டு போடுகிறது என்று அவன் சொன்னபோது இவ்வளவு சின்னதுக்கு அவ்வளவு பலம் எதற்கு என்றும் கேட்டேன். இங்கே சனம் அரைவருடம் தடித்த ஜக்கெற்றுக்குள்தானே இருக்கிறது என்றான். நியாயமாகப் பட்டது.

"ஆருக்கு அன்ரி, மருமகனுக்கோ?" என்று கேட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு சொன்னான்: "ஒண்டு சொல்லுறன் அன்ரி. றோட்டுக்கு அங்காலை நிக்கிற ஆளுக்கு இது சரிவராது. கைக்கெட்டின தூரத்திலை நிக்கிற ஆளுக்குத்தான்."

அதற்கு என்ன, அவன் கிட்ட வந்தால்தானே ஆபத்து என்று நினைத்தேன்.

அவன் என்றால் கிறகரி. என் மருமகன். லவாலில் குடியிருக்கிறான். என் மகள் சாம்பவி அவனைத்தான் கட்டுவேன் என்றபோது நான் மறுக்கவில்லை. வேதக்காரப் பெடியன் என்று ஒரு சொல் சொன்னதில்லை. கல்யாணத்தன்று தேவாலயத்தில் முன்வரிசையில்தான் இருந்தேன்.

இந்த வருடம் பிள்ளைப்பேற்றுக்காகச் சாம்பவி என்னிடம் வந்தாள். தாய்வீட்டுக்கு வருவது எங்கள் வழக்கம். மாதம் நிறைய முன்னமே அந்தப் பிள்ளை தங்காமல் போய்விட்டது. பேற்றுக்குப் பிறகு அவளுக்கு வயிறு கட்டுவதற்கென்று வெள்ளை வேட்டித்துணியைக் கிழித்து, தோய்த்து, மடித்து வைத்திருந்தேன். அது அலுமாரிக்குள் அப்படியே கிடந்தது. ஒருநாள் அதை எடுத்து எனக்கு ஒரு இடுப்புப்பட்டி தைத்தேன். உள்ளே ஒரு பை. ரிவோல்வர் அதற்குள் அச்சாகப் பொருந்தியது. துணி வீணாகவில்லை. பிள்ளைகள் ஒருவரும் கண்டுபிடிக்கவும் இல்லை. கார்டெரியில், சந்தையில், சென்-றெஜி முருகன் கோயிலில், எல்லா இடத்திலும் அது என் உடம்புச் சூட்டோடு இருந்தது. என் வயிற்றில் கடைசியாக ஒரு பாரம் இருந்தது சாம்பவியைச் சுமந்தபோது. இரவில் கழற்றி வைத்தால் வெறுமையாக இருக்கும்.

கிறகரி மிரட்டினானா என்று கேட்கிறீர்கள். இல்லை. அவன் சத்தம் போடாத ஆள். சத்தம் போடாதவர்களை நம்பக்கூடாது. என் மனிசன் தியாகலிங்கமும் சத்தம் போடாதவர்தான். வேலைக்கென்று டொரொன்டோ போனார், போனவர் போனவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கிறகரி வருவான். அவனுடைய தாய் அல்போன்சம்மா வைத்த மீன்சொதியைப் போத்தலில் கொண்டுவருவான். படியில் நின்று, "மாமி, ஒருக்காப் பாத்திட்டுப் போறன்" என்பான். அவள் நித்திரை என்பேன். பிறகு அவளுக்கு உன்னைப் பார்க்க விருப்பம் இல்லை என்று சொல்லத் தொடங்கினேன். அதற்குப் பிறகு அவன் படிக்கு வராமல் றோட்டின் மறுபக்கத்தில் நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருவன் வாரம்தோறும் வந்து உங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

சாம்பவியிடம் அவன் வரவில்லை என்றேன். வந்தான் என்று சொன்னால் மனம் அலையும். பச்சை உடம்புக்காரி. அவளுடைய போனை நான் வாங்கி வைத்ததும் அதற்காகத்தான். யன்னலின் கைப்பிடியைக் கழற்றியது குளிர்காற்று படக்கூடாது என்பதற்காக. இந்த அறையின் யன்னலுக்கும் கைப்பிடி இல்லை, பார்த்தேன். யாரோ ஒருவர் யோசித்துத்தான் கழற்றியிருப்பார்.

ஒருநாள் அவள் யன்னலால் அவனைக் கண்டுவிட்டாள். கண்ணாடியைத் தட்டினாள். அவன் காரில் ஏறிக்கொண்டிருந்தான், கேட்கவில்லை. அன்று பின்னேரம் நான் கதிரையில் இருந்து பிள்ளைகளின் ஏப்ரன்களை மடித்துக்கொண்டிருக்கும்போது வந்து நிலத்தில் இருந்தாள். "அம்மா, என்னை விடுங்கோ" என்று சொல்லி அழுதாள். சின்னப்பிள்ளையாக இருந்தபோது செய்தது போல என் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டு முகத்தை வயிற்றில் புதைத்தாள்.

வளர்ந்த ஒருத்தி அந்த உயரத்தில் வந்து கட்டிப்பிடிப்பாள் என்று நான் கணக்குப் போடவில்லை.

அழுகை நின்றுவிட்டது. அவள் கன்னத்தை எடுக்காமல் கனநேரம் அப்படியே இருந்தாள். பிறகு விரலால் துணிக்கு மேலே மெல்லத் தடவிப் பார்த்தாள்.

"ஆருக்கு அம்மா இது?"

"உனக்காகத்தான் பிள்ளை. உன்னை ஒருத்தரும் ஒண்டும் செய்யக்கூடாது."

அவள் எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்து என்னோடு இருந்து ஏப்ரன் மடித்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் இந்த வருடத்தில் எனக்கு நல்ல நாட்கள். அவள் மாறிவிட்டாள். போட்டதைச் சாப்பிட்டாள். யன்னலடிக்குப் போகவில்லை. கார்டெரிப் பிள்ளைகளுக்குக் கதை சொன்னாள், அவர்கள் பிரெஞ்சில் கேட்டால் பிரெஞ்சில் சொன்னாள். நான் எழும்பினால் தானும் எழும்புவாள், இருந்தால் இருப்பாள். என் கை இடுப்புப் பக்கம் போனால் மட்டும் கதையை நிறுத்திவிடுவாள். எனக்குக் கையை அங்கே வைத்துக்கொள்வது ஒரு பழக்கம், வேறொன்றும் இல்லை. பயத்தில் இருந்தவள் தெளிந்துவிட்டாள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நவராத்திரி வந்தது. கயல் கொலு வைத்தீர்களா என்று கேட்கிறாள். எங்களிடம் அது இல்லை பிள்ளை, கும்பம்தான். ஒன்பதாம் நாள் ஆயுத பூசை. அவரவர் தொழிலுக்குப் பாவிக்கிற சாமான்களைக் கும்பத்துக்கு முன்னால் வைத்துப் பொட்டுப் போட்டு, பூ வைத்துப் பூசை செய்வோம். வைத்தால் மறுநாள் விஜயதசமி காலைவரை தொடக்கூடாது. கத்தரிக்கோலைக் கூட எடுக்கமாட்டோம். என் அம்மாவும் தொட்டதில்லை, நானும் ஒருநாளும் தொட்டதில்லை. சின்ன வயதில் சாம்பவி கணக்குக் கொப்பியை வேண்டுமென்றே அதில் வைத்துவிட்டு, ரீச்சரிடம் சாமி வைத்திருக்கிறார் என்று சொல்லியிருக்கிறாள். வளர்ந்தபிறகு இதையெல்லாம் பகிடி பண்ணுவாள்.

இந்தமுறை அவளே வந்து சொன்னாள். "அம்மா, எல்லாத்தையும் வடிவா வைச்சுச் செய்வம்." தன்னுடைய லப்டொப்பைக் கொண்டுவந்து வைத்தாள். நான் காய் வெட்டுகிற கத்தி, தையல் மெசினின் ஊசிப்பெட்டி, பிள்ளைகளின் கிரேயோன், காரைத் திறக்கிற திறப்பு எல்லாவற்றையும் அடுக்கினோம். கடைசியில் அவள் என் இடுப்பைப் பார்த்தாள்.

"அதையும் வையுங்கோவன். அதுவும் ஆயுதம்தானே."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. அவள் அதை ஏற்றுக்கொண்டுவிட்டாள், எதற்காக என்று விளங்கிக்கொண்டுவிட்டாள் என்று நினைத்தேன். பட்டியோடு கழற்றி, ஒரு சட்டைத்துணியால் மூடிக் கும்பத்தடியில் வைத்தேன். அவள் தன் கையாலேயே அதற்குச் சந்தனம் வைத்து, ஒரு செவ்வந்திப் பூவும் வைத்தாள்.

கார்டெரிக்கு அன்று விடுமுறை. மறுநாள் காலையில் பிள்ளைகளுக்கு ஏடு தொடக்க ஐயர் வருவதாக இருந்தது. தாம்பாளத்தில் பச்சையரிசி பரப்பி வைத்திருந்தேன். பின்னேரம் குசினியில் நின்று கடலை தாளித்துக்கொண்டிருக்கும்போது வாசலடியில் சப்பாத்துச் சிப்பை இழுத்துப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

வந்து பார்த்தேன். கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். கண்ணாடிக் கதவால் பார்த்தால் றோட்டுக்கு அந்தப் பக்கம் கிறகரியின் கார். அவன் வெளியே இறங்கி இரண்டு கையையும் காரின் கூரைமேல் வைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கு எப்படிச் செய்தி போனது என்று நேற்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். தன் பிள்ளையைக் கார்டெரியில் விட வருகிற சஜிதாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். சஜிதாவின் பிள்ளைக்கு நான் என் கையால் சோறு தீத்தியிருக்கிறேன்.

"அம்மா, நான் போறன்" என்றாள்.

"போறன் எண்டு சொல்லாதை. போட்டு வாறன் எண்டு சொல்லு."

"இல்லையம்மா. போறன்."

அவளுடைய கண் ஒருதரம் கும்பத்துப் பக்கம் போய்வந்தது. "பூசை முடியேல்லை. நீங்கள் அதைத் தொடமாட்டியள்" என்றாள். பகிடியாக இல்லை, கேலியாகவும் இல்லை. தன் தாயைப் பற்றித் தெரிந்த ஒன்றைச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மற்றச் சப்பாத்தைப் போடக் குனிந்தாள். என்னை அவ்வளவு நம்பினாள்.

நான் கோபப்படவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும். நான் கும்பத்தடிக்குப் போனேன். அம்மனைக் கும்பிட்டேன். பூவை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். சந்தனம் இன்னும் காயவில்லை, விரலில் ஒட்டியது.

கிறகரிக்காகத்தான் வாங்கினேன், இப்போது அவன் எதிரில்தான் நிற்கிறான் என்று அப்போது யோசித்தேன். ஆனால் அந்தப் பெடியன் சொன்னது ஞாபகம் வந்தது. குழல் கட்டை, றோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளுக்குச் சரிவராது. தப்பினால் அயல்வீட்டு யன்னலில் படலாம், அங்கேயும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கைக்கெட்டின தூரத்தில் நின்றது என் மகள்தான்.

ஒரு தரம்தான். விசை இறுக்கம் என்று நான் கேட்டு வாங்கியது சரிதான், வேண்டுமென்று இழுத்தால்தான் இழுபடும். இதைத் தவறுதலாக நடந்தது என்று எழுத நீங்கள் எனக்குப் பிடித்துத் தந்த சட்டத்தரணி சொல்கிறார். அது பொய். மணிக்கட்டு இன்னும் நோகிறது.

கிறகரி ஓடிவந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். நான் திறக்கவில்லை. அதைத் துடைத்து, திரும்பவும் கும்பத்தடியில் வைத்து, சந்தனமும் பூவும் வைத்தேன். கடலையைப் படைத்துக் கற்பூரம் காட்டினேன். உங்கள் ஆட்கள் கதவை உடைத்து வந்தபோது கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கயல் ஏன் அழுகிறாள் என்று தெரியவில்லை, அவளுக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள். எனக்கு நித்திரை வராமல் செய்கிறது ஒன்றே ஒன்றுதான். பூசைக்கு வைத்ததைப் பூசை முடியுமுன் எடுத்துவிட்டேன். என் ஆயுளில் அப்படிச் செய்ததில்லை. அம்மனிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். மற்றப்படி நான் நினைத்தது போலவே நடந்தது. பிள்ளையை ஒருத்தரும் ஒன்றும் செய்யவில்லை.