பின்சில்லு பிறேக் பற்றி என் அபிப்பிராயம்

மீன் ஏற்றுகிற பிக்கப்பைத் தினமும் நல்ல தண்ணீரில் கழுவாத ஆளுக்கு எந்த பிறேக்கைப் போட்டுக் கொடுத்தாலும் ஒன்றுதான் ஐயா. இதை நான் இருபத்தெட்டு வருடமாகச் சொல்லி வருகிறேன். கேட்பார்கள், தலையாட்டுவார்கள், மறுபடி உப்போடும் செதிலோடும் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்துவார்கள்.

டிறம் பிறேக்குக்கும் டிஸ்க் பிறேக்குக்கும் என்ன வித்தியாசம், பருத்தித்துறையில் உருண்ட பிக்கப்பில் என்ன பிழை என்று எழுதித் தரும்படி பொலிஸ் நிலையத்திலிருந்து கேட்டிருந்தீர்கள். பிறேக் வேலை தெரிந்த மூத்த ஆள் என்று யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். சந்தோஷம். என் பெயர் சோமசேகரம். கொக்குவிலில் றெயில் பாதைக்குப் பக்கத்தில் கராஜ். மூன்று நாளாக இதை எழுதுகிறேன். இரண்டு வரி எழுதுவேன், எழுந்து முற்றத்தில் நடப்பேன், திரும்பி வந்து கடதாசியைக் கிழிப்பேன். இன்றைக்கு எப்படியும் முடித்துவிடுகிறேன்.

டிறம் என்பது சில்லுக்குள் இருக்கும் ஒரு மூடிய சட்டி. மிதித்தால் உள்ளே இருக்கும் இரண்டு கட்டைகளும் விரிந்து சட்டியின் சுவரைப் பிடிக்கும். டிஸ்க் என்பது திறந்த தட்டு. அதை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும். எங்கள் ஊர்ப் பிக்கப்புகளில் முன்னால் டிஸ்க், பின்னால் டிறம். ஹாண்ட் பிறேக் பிடிப்பது பின்சில்லில்தான். டிறமுக்குள் உப்புத் தண்ணீர் போனால் வெளியே வர வழியில்லை. மணல் சேரும், துரு ஏறும். அதைக் கழற்றிச் சுரண்டிக் காயவைத்துப் பூட்டத்தான் நான் இருக்கிறேன். பூட்டினால் மூன்று மாதத்துக்குக் கவலையில்லை.

பருத்தித்துறையில் மீன் இறக்கும் இடம் ஒரு சரிவு. வாகனத்தின் பின்பக்கத்தைக் கடலுக்குக் காட்டி நிறுத்திவிட்டுப் பெட்டி ஏற்றுவார்கள். ஏற்ற முதல் பின்சில்லுக்கு ஒரு முருகைக்கல்லை வைப்பார்கள். எல்லோரும் வைப்பார்கள், நான் அறிந்த காலம் தொட்டு அப்படித்தான். உம்முடைய டிறம் பிடிக்காதபடியால்தானே கல் என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். விசர்க் கதை. டிறம் என்றால் கல்லும் சேர்ந்ததுதான். சோற்றுக்குக் கறி வேண்டியிருப்பதை யாரும் சோற்றின் குறை என்று சொல்வதில்லையே.

கோபிசங்கர் அங்கே மீன் வாங்கி யாழ்ப்பாணத்துக்கு ஏற்றுகிறவன். பத்து வருடமாக என் வாடிக்கைக்காரன். அவனுடைய அக்கா கேதீஸ்வரிதான் ஐஸ் கொத்திப் போட்டுப் பெட்டி அடுக்குவாள். கல் வைப்பதும் அவளுடைய வேலை. வாகனம் நிற்க முதலே கல்லைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்துவிடுவாள். நான் அந்தப் பக்கம் போனால் தேத்தண்ணி குடிக்காமல் விடமாட்டாள். நல்ல பிள்ளை. இதை நான் யாரும் கேட்காமலே சொல்கிறேன்.

போன மாரியில் கோபிசங்கரின் பின் பிறேக் தண்ணீர் குடித்துப் பிடிக்காமல் போனதில், வல்லை வெளியில் அவன் ஒரு மாட்டை இடித்துவிட்டான். மாட்டுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவன் என்னிடம் வராமல் வட்டுக்கோட்டைக்குப் போனான். அங்கே சிவதர்ஷன் என்றொருவன், முப்பது வயதிருக்கும், மோதி உடைந்த வாகனங்களில் கழற்றிய டிஸ்க்கைப் பின்சில்லுக்கும் பொருத்திக் கொடுக்கிறான். புது வாகனம் வாங்க வழியில்லாமல் எல்லோரும் பழையதையே ஓட்டிக்கொண்டிருந்த காலம். அவனுக்கு நல்ல வாய்ப்பு.

டிஸ்க் போட்ட கையோடு கோபிசங்கர் மரியாதைக்கு என்னிடம் வந்தான், ஒரு பை விளைமீனும் கொண்டுவந்தான்.

“கோவியாதேங்கோ அண்ணை. இனி எனக்குக் கழட்டிப் பூட்டுற வேலையும் இல்லை, கல்லும் தேவையில்லை,” என்றான்.

அப்போது கராஜில் நாலு பேர் நின்றார்கள். ஒருவர் சிரித்தார். யார் என்று எனக்குத் தெரியும், அது இங்கே வேண்டாம். இரண்டு மாதத்துக்குள் என்னிடம் வந்துகொண்டிருந்த ஒன்பது பிக்கப்புகள் வட்டுக்கோட்டைக்குப் போய்விட்டன.

நான் ஆத்திரப்படவில்லை. ஒரு உண்மையைச் சொன்னேன், அவ்வளவுதான். சரிவிலே பாரத்தோடு நிற்கும்போது அந்த டிஸ்க் பிடிக்காது, ஒருநாள் உருளும் என்றேன். கடையில் சொன்னேன், பஸ்ஸில் சொன்னேன், ஒரு கலியாண வீட்டுப் பந்தியிலும் சொன்னேன். சொன்ன பிறகு அது நடக்கிறதா என்று பார்க்காமல் எப்படி இருப்பது? விடிய முதல் பஸ்ஸில் பருத்தித்துறைக்குப் போகத் தொடங்கினேன்.

பத்து நாள் போனேன். கோபிசங்கர் சரிவில் நிறுத்துவான், ஹாண்ட் பிறேக்கை இழுப்பான், இறங்கிப் போய்விடுவான். கல் இல்லை. பன்னிரண்டு பெட்டி ஏற்றுவார்கள். நான் சில்லையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அசையாது. எனக்கு நெஞ்சுக்குள் ஒரே அந்தரம். இருந்தால் எழும்ப வேண்டும் போலிருக்கும், எழும்பினால் நடக்க வேண்டும் போலிருக்கும். சும்மா நின்றால் ஆட்கள் ஏன் என்று கேட்பார்களே என்று தினமும் மீன் வாங்கினேன். ஒரு வெள்ளிக்கிழமையும் வாங்கிக்கொண்டு போய்விட்டேன். என் மனைவி கஜந்தினி பையைத் திறந்து பார்த்துவிட்டு, விரதநாளில் மீனோடு வந்து நிற்கிறீர்களே, உங்களுக்கென்ன விசரா என்று கேட்டாள்.

பதினோராம் நாள் கோபிசங்கர் என்னைக் கண்டுவிட்டுத் தானே கூப்பிட்டான். சரிவுக்கு மேலே, சமதரையில் வாகனம் நின்றது. வந்த நீங்கள் ஒருக்கால் கீழே பாருங்கள் அண்ணை, வேலை எப்படியென்று சொல்லுங்கள் என்றான். அவனுக்கு அதைக் காட்ட ஆசை. ஸ்பனரையும் அவன்தான் எடுத்துத் தந்தான்.

சாக்கை விரித்துக் கீழே போனேன். நியாயமாகச் சொல்லவேண்டும்: சிவதர்ஷனின் வேலை சுத்தம். ஒரு கேபிள் தொங்கவில்லை, ஒரு நட்டும் பிழையாக இல்லை. அந்தச் சுத்தத்தைப் பார்த்ததும் எனக்கு எரிந்தது, மறைக்கவில்லை. ஹாண்ட் பிறேக் கேபிளின் நட்டை ஐந்து சுற்றுத் தளர்த்தினேன். ஆறு என்றால் வெறும் வாகனமே சரிவில் நிற்காது, உடனே பிடித்துவிடுவான். ஐந்து என்றால் நாலு பெட்டிவரை நிற்கும். இது எல்லோருக்கும் தெரிகிற கணக்கல்ல. வாகனம் ஓரடி உருளவேண்டும், நாலு பேர் பார்க்கவேண்டும், அதற்கு மேல் நான் ஒன்றும் நினைக்கவில்லை. வெளியே வந்து, நல்ல வேலை தம்பி என்று சொல்லிக் கையைத் துடைத்தேன்.

அவன் வாகனத்தைச் சரிவில் இறக்கி நிறுத்தினான். ஹாண்ட் பிறேக் வழக்கத்தைவிட மேலே வந்தது. போனில் கதைத்துக்கொண்டிருந்தபடியால் அவன் அதைக் கவனிக்கவில்லை. மீன் ஏலம் கூறி விற்கும் இடத்துக்குப் போய்விட்டான். கேதீஸ்வரி பின்னால் வந்தாள். என்னைக் கண்டதும் பழைய நினைவு வந்திருக்கவேண்டும். மதிலோரம் கிடந்த கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“சோமண்ணை, தம்பி வேண்டாமெண்டுதான் சொல்லுறான். எனக்கு மனம் கேக்குதில்லை. வைக்கட்டோ?”

“வேண்டாம் பிள்ளை. நான் இப்பதான் பாத்தனான்,” என்றேன்.

“நீங்கள் பாத்தால் சரி,” என்று கல்லைக் கீழே போட்டாள்.

கல்லை வைத்திருந்தால் வாகனம் நின்றிருக்கும். நின்றிருந்தால் யாருக்கு என்ன விளங்கியிருக்கும்? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இரண்டு பேர் பெட்டி ஏற்றினார்கள். நான் எண்ணினேன். நாலாவது ஏறியபோது கேதீஸ்வரி, வாகனத்துக்கும் பின்னால் இருந்த சீமெந்துக் கட்டுக்கும் நடுவில் குனிந்து ஐஸ் கொத்திக்கொண்டிருந்தாள். ஐந்தாவதைத் தூக்கினார்கள். தள்ளி நில் பிள்ளை என்று ஒரு சொல் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொல்லியிருந்தால் எப்படித் தெரியும் என்று கேட்பார்களே. நான் சொல்லவில்லை. வாகனம் ஓரடியில் நிற்கவில்லை, கட்டுவரை போனது. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் அவள் உயிர் போய்விட்டது.

செத்தவீட்டுக்குப் போனேன். கோபிசங்கர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதான்.

“நீங்கள் சொன்னனீங்கள் அண்ணை. நான்தான் கேக்கேல்லை. அக்காவை நானே கொன்றுபோட்டன்.”

அவன் முதுகைத் தடவி, விதி தம்பி என்றேன். எனக்கும் துக்கம்தான். அவளுடைய மகள் ஒரு மூலையில் அழாமல் இருந்தது, அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. அடுத்த கிழமை சிவதர்ஷனை நீங்கள் பிடித்து விளக்கமறியலில் போட்டீர்கள். அதற்கடுத்த கிழமை ஏழு பிக்கப்புகள் திரும்பி வந்தன. ஏழுக்கும் டிறம் போட்டுக் கொடுத்தேன். வந்தவர்கள் எல்லோரும் நான் முதலே சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அந்தரம் அடங்கும் என்று பார்த்தேன். அடங்கவில்லை, இன்னும் கூடிவிட்டது.

டிஸ்க்கின் பிழை என்று ஒரு வரி எழுதினால் போதும், என் பெயர் நிற்கும், சிவதர்ஷன் உள்ளே இருப்பான். அதைத்தான் மூன்று நாளாக எழுதிப் பார்த்தேன். பேனாவை வைத்ததும் அந்தப் பத்து நாளும், பன்னிரண்டு பெட்டியோடு அசையாமல் நின்ற சில்லும் முன்னால் வந்துவிடுகின்றன. பிடித்த பிறேக்கைப் பிடிக்கவில்லை என்று எழுத என் கை போகவில்லை.

ஆகவே என் அபிப்பிராயம் இது. அந்த டிஸ்க் பிறேக்கில் பிழை இல்லை. கேபிள் நட்டை ஐந்து சுற்று இறுக்கினால் மறுபடி நிற்கும். தளர்த்தியவன் நான். கல்லை வைக்கவேண்டாம் என்றதும் நான். பார்த்துக்கொண்டு வாயை மூடி நின்றதும் நான்தான். சிவதர்ஷனை விட்டுவிடுங்கள். ஆனால் ஒன்றை அவனிடம் சொல்லுங்கள் ஐயா. அந்தப் பத்து நாளில் ஒருநாளாவது அவனுடைய பிறேக் நான் சொன்னபடி தன்பாட்டில் உருண்டிருந்தால், நான் அதில் கை வைத்திருக்கவே மாட்டேன், கேதீஸ்வரியும் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள்.