உம்மாவுக்காக வராத அழுகை

"உம்மா மௌத்தானப்ப எனக்கு அழுகையே வரல மேடம்."

கீழக்கரை பேருந்தில் என் முன்சீட்டில் இருந்த பெண் சொன்னாள். பக்கத்தில் இருந்தவர் அவளுக்கு மனநல ஆலோசனை தருபவர். தற்செயலாக ஒரே பேருந்தில் ஏறியிருந்தார்கள் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

"அம்மா இறந்த துக்கத்தை அடக்கி வைக்கிறீங்கன்னு போன தடவை சொன்னேன்ல?"

"அடக்கல மேடம். மனச்சோர்வுக்கு டாக்டர் குடுத்த அந்த மாத்திரை போட ஆரம்பிச்சதுல இருந்தே இப்படித்தான். சிரிப்பும் பாதிதான் வருது. சொந்தக்காரக எல்லாம் கல்நெஞ்சுக்காரின்னு பேசுறாக."

ஆலோசகர் குரலைத் தாழ்த்தினார். "மாத்திரையப் பத்தி நான் அப்பவே கேட்டிருக்கணும்க்கா. சிலருக்கு அது மனசை மரத்துப்போக வச்சிரும்."

"அப்ப நாளைக்கே நிப்பாட்டிருறேன்."

"நீங்களா நிப்பாட்டாதீங்க. குறைக்கிறதா, மாத்துறதான்னு டாக்டர்ட்ட கேப்போம். நானும் கூட வாரேன். வீட்டுக்காரர்ட்டயும் சொல்லிருங்க."

"மச்சான் துபாய்ல இருக்காக. வீடியோ கால்ல மாத்திரையப் பாத்துட்டு என்னன்னு கேட்டாக. சத்து மாத்திரைன்னு சொல்லிட்டேன்."

"வேற யார்ட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"உம்மாட்ட மட்டும் சொல்லியிருந்தேன்."

அவளுடைய போன் அடித்தது. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எடுத்தாள்.

"நல்லா இருக்கேன் மச்சான்," என்றாள்.