குப்பிகள் வந்த பிறகு

மாதச் சந்தா கட்டி விளையாடுவதுதான் முறையான விளையாட்டு என்பது என் அபிப்பிராயம். உங்களிடம் இதை முதலில் சொல்லிவிடுகிறேன் சார், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் மலையாளத்தில் எழுதிக்கொள்ளட்டும், நான் தமிழில் சொல்கிறேன். பெயர் மங்கலம். வயது எழுபத்தொன்று. வலியசாலை அக்கிரகாரத்தில் வீடு. முகங்கள் எனக்கு நினைவில் நிற்பதில்லை. யார் என்ன சொன்னார்கள் என்பது மட்டும் அப்படியே நிற்கும்.

வீட்டில் நானும் என் நாத்தனார் கௌசல்யாவும்தான். என் கணவரின் தங்கை. 2004-ல் அவளுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துபோனது. அவள் மகன் ஸ்ரீனிவாசன் பெங்களூரில் வேலைக்குப் போனபோது தன் கம்ப்யூட்டரையும், அதில் அவன் ஆடிக்கொண்டிருந்த இன்டர்நெட் விளையாட்டையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனான். "அம்மாமி, அம்மா தூங்கறச்சே உங்களுக்குப் பொழுது போகும்" என்றான். விளையாட்டாகத்தான் சொன்னான். நான் நிஜமாகவே கற்றுக்கொண்டேன்.

அதற்கான பிரீபெய்டு கார்டு கரமனையில் வன்னியபெருமாளின் இன்டர்நெட் சென்டரில் கிடைக்கும். நாகர்கோவில் பக்கத்து ஆள். "அம்மா, இந்த வயசுல கேம் கார்டு வாங்க திருவனந்தபுரத்துல நீங்க ஒராள்தான் கேட்டோ. பேப்பர்ல போடச் சொல்லட்டா?" என்று ஒவ்வொரு மாதமும் கேட்பான். "போடு, உன் கடை பேரையும் சேத்துப் போடு" என்பேன்.

விளையாட்டில் நான் வைத்தியச்சி. சண்டைக்குப் போகிறவர்கள் அடிபட்டால், தலைக்கு மேலே இருக்கும் சிவப்புக் கோடு குறையும். கோடு தீர்ந்தால் ஆள் சாவான். என் வேலை கோட்டை ஏற்றுவது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அவசரப்பட்டு மருந்து போடக் கூடாது, பாதி வீணாகிவிடும். கோடு நாலில் ஒன்றாக இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். நன்றாகக் காத்திருக்கத் தெரிந்தவள்தான் நல்ல வைத்தியச்சி. அபிஜித் என்று ஒரு பையன், கழக்கூட்டத்தில் ஹாஸ்டலில் இருந்து ஆடுவான். என்னைக் கல்லூரிப் பெண் என்றே நினைத்திருந்தான். "சேச்சி, ஓடி வா, ஞான் இப்போ சாவும்" என்று எழுதுவான். கடைசி நொடியில் ஏற்றிவிடுவேன். "சேச்சி தெய்வம்" என்பான்.

அந்தப் பக்கம் அவன் கூப்பிடுவான். இந்தப் பக்கம் அடுத்த அறையிலிருந்து கௌசல்யா, "மன்னி, செத்த வாங்கோளேன்" என்பாள். ஒரு நாளில் எத்தனை தடவை என்று கேட்காதீர்கள். நான் அலுத்துக்கொண்டதே இல்லை. தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

2007 சித்திரையில் கார்டு வாங்கப் போனேன். "இனி கார்டு வேண்டாம்மா. கேம் ஃப்ரீ ஆயாச்சு" என்றான் வன்னியபெருமாள். "உள்ளயே ஒரு கடை தொறந்திருக்கான். மருந்து, வாள், சட்டை எல்லாம் அங்க காசு கொடுத்து வாங்கிக்கலாம். லாபம்தானே?"

லாபம் இல்லை என்றேன். அவனுக்குப் புரியவில்லை. சந்தா என்றால் எல்லோரும் ஒரே வாசலில் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகிறோம். உள்ளே போனபின் ஒருவருக்கு ஒருவர் வேண்டியிருக்கிறது. கடை வந்துவிட்டால் கோவிலில் ஸ்பெஷல் தரிசனம் மாதிரிதான். காசிருப்பவனுக்கு யாரும் வேண்டாம். அந்தக் கடையில் மருந்துக் குப்பி விற்றார்கள். குடித்தால் சிவப்புக் கோடு தானே ஏறிவிடும். அன்றைக்கு அபிஜித் அடிபட்டு நின்றபோது நான் ஓடினேன். "வேண்டா சேச்சி, குப்பி உண்டு" என்று எழுதினான். மரியாதையாகத்தான் எழுதினான். அதற்குப் பிறகு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நான் தினமும் விளையாட்டுக்குள் போய், அங்கே இருக்கும் ஆற்றங்கரையில் சும்மா நின்றேன்.

அதே மாதம் ஸ்ரீனிவாசன் போன் செய்தான். "அம்மாமி, நீங்க இன்னும் எத்தனை நாள் கஷ்டப்படறது? ஏஜென்சில பணம் கட்டிட்டேன், ஹோம் நர்ஸ் வருவா."

பொன்செல்வி வந்தாள். பொன்முடி எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்துப் பெண். நல்ல பெண் சார், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. "பாட்டிம்மா, நம்ம மலையில ஏறாத ஏத்தமா? இந்த நடைதானே, வாங்க" என்று கையைப் பிடித்து நடத்துவாள். கௌசல்யா சிரிப்பாள். மூன்று வருஷம் நான் பார்த்தபோது எழுந்து நிற்காதவள், நாலு மாதத்தில் வாசல்வரை நடந்தாள். நான் காபி எடுத்துக்கொண்டு போனால், "நீங்க ஒக்காருங்கோ மன்னி. செல்வி இருக்கா" என்றாள்.

மரியாதையாகத்தான் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பொன்செல்வி அந்த வாரத்து மாத்திரைகளைக் கிழமை போட்ட டப்பாவில் பிரித்து வைப்பாள். பிறகு துணி துவைக்கப் போவாள். ரத்த அழுத்தத்துக்கான மாத்திரை இளஞ்சிவப்பு. அதை மட்டும் நான் எடுத்துவிடுவேன். எல்லாக் கிழமையிலிருந்தும் இல்லை, சிலவற்றிலிருந்து. நான் அவளுக்கு எதையும் கொடுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கொடுத்தால் அது வேறு.

அப்படி எடுக்க ஆரம்பித்த மூன்றாம் வாரம் கௌசல்யா தலைசுற்றிக் கூடத்தில் விழுந்தாள். டாக்டர் மாத்திரையைப் பற்றிக் கேட்டார். "அம்மா, நான் எண்ணித்தான் போட்டேன். எங்க மாரியம்மன் மேல ஆணை" என்று பொன்செல்வி அழுதாள். "எண்ணித்தான் போட்டிருப்பே. சின்னப் பொண்ணு, கை தவறும்" என்றேன். ஏஜென்சி அவளைத் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டது. வேறு வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள் என்றாள். தயிர்சாதம் கட்டிக் கொடுத்தேன். பொன்முடி பஸ் போய்விட்டிருந்தது, விதுரா பஸ்ஸில் ஏறிப் போனாள்.

மறுநாள் காலையில், "மன்னி, செத்த வாங்கோளேன்."

அந்தக் குரலைக் கேட்டபோது எனக்கு வந்த நிம்மதியை உங்களுக்கு எப்படிச் சொல்வது? வேறு ஆள் அனுப்புகிறேன் என்றான் ஸ்ரீனிவாசன். வேண்டாம் என்று கௌசல்யாவே சொல்லும்படி பார்த்துக்கொண்டேன். கொஞ்சம் இறங்கவிடுவேன், பிறகு ஏற்றுவேன். மாத்திரையை நிறுத்தி, பிறகு கொடுத்து. இரண்டு தடவை ஆஸ்பத்திரிவரை போய் மீட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். "மன்னி இல்லேன்னா நான் என்னிக்கோ போயிருப்பேன்" என்று பார்க்க வந்தவர்களிடம் அவளே சொன்னாள்.

ஐப்பசியில் ஒரு நாள், மத்தியானம் மூன்று மணி இருக்கும். துலாவர்ஷ மழை. நான் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தேன். அடுத்த அறையில் ஏதோ விழுந்த சத்தம்.

"மன்னி."

காத்திருந்தேன்.

"மன்னி, தலை என்னமோ பண்றது."

இன்னும் நேரம் இருந்தது. குரலை வைத்தே எனக்கு அளவு தெரியும்.

"மன்னி, இருக்கேளா?"

பிறகு வெறும் "மன்னி", இரண்டு தடவை. ஆறாவது தடவை குரல் நாலில் ஒன்றாக இறங்கிவிட்டது. எழுந்தேன். மாத்திரையும் தண்ணீரும் தயாராக இருந்தன. கதவுவரை போய்விட்டேன் சார், கை கதவில் இருந்தது. அப்போது அவள் சொன்னாள்:

"செல்வி."

நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். தம்ளரைக் கீழே வைத்தேன். மழை விடும்வரை எழுந்திருக்கவில்லை.

இரண்டாவது தடவையாக வந்த பக்கவாதம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பதின்மூன்று நாள் காரியமும் குறைவில்லாமல் நடந்தது. பதினாலாம் நாள் மூன்று மணிக்கு அந்த அறையிலிருந்து, "செல்வி."

தினமும் மூன்று மணிக்கு. நான் போய் நிற்கிறேன். "என்னடி கௌசல்யா, நான்தான் இருக்கேனே" என்கிறேன். நிற்கமாட்டேன் என்கிறது. ஒரு தடவைகூட "மன்னி" என்று வரவில்லை.

அதற்காகத்தான் வந்தேன். பொன்செல்வி மேல் தப்பில்லை என்று ஏஜென்சிக்கு எழுதிப் போடுங்கள். லயத்துக்கு ஆள் அனுப்பி, ஒரே ஒரு நாள் மூன்று மணிக்கு அவளை அந்த வீட்டில் கொண்டுவந்து நிறுத்துங்கள். "இதோ வந்துட்டேன் பாட்டிம்மா" என்று ஒரு வார்த்தை பதில் சொல்லட்டும், போதும். என்னை எங்கே வைக்க வேண்டுமோ வையுங்கள்.

கொன்றது நான்தான், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் என்னைக் கூப்பிட்டிருந்தால் நான் போயிருப்பேன் சார்.