பதினொன்று, பன்னிரண்டு

கோட்டை, அரண்மனை, பழைய தேவாலயம் என்று ஊர் ஊராகப் போய்ப் பார்ப்பதில் எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. ஒன்றைப் பார்த்தால் போதும். மற்றதெல்லாம் அதே கல், அதே படி, அதே முழங்கால் வலி. ஆசையெல்லாம் அக்காவுக்குத்தான். இந்தப் பத்து நாள் சுற்றுலாவுக்கு எனக்கும் சேர்த்து அவளே பெயர் கொடுத்துவிட்டு, என்னிடம் பெட்டியை மட்டும் கட்டச் சொன்னாள்.

தேநீர் கொடுத்தீர்கள், நன்றி. மொழிபெயர்க்கும் இந்தப் பெண்ணிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் மெதுவாகத்தான் பேசுவேன். அவசரப்படுத்தினால் எனக்குக் குழம்பிவிடும். அக்கா எங்கே, அக்கா எங்கே என்று உங்கள் போலீஸ் அதிகாரி திரும்பத் திரும்பக் கேட்கிறார். வரிசையாகச் சொன்னால்தான் அவருக்கும் புரியும்.

அக்காவுக்கு அறுபத்தொன்று, எனக்கு ஐம்பத்து நான்கு. அவள் வீட்டுக்காரர் தவறி மூன்று வருஷம் ஆகிறது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அக்காவே பதில் சொல்லி அனுப்பிவிட்டாள் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் உட்கார வைப்பேன். அரை மில்லிமீட்டர் கூடினாலும் உட்காராது. இருபத்தாறு வருஷமாக ஒரே ஸ்டூல், ஒரே ஜன்னல். அந்த ஸ்டூலில் இருக்கும்போது மட்டும் எனக்காக வேறு யாரும் பேசுவதில்லை.

முதல் நாளே அக்கா பஸ்ஸில் எல்லாரிடமும் என்னை அறிமுகம் செய்துவைத்தாள். "என் தங்கச்சி. சரியான பயந்தாங்கொள்ளி. லிஃப்ட்ல கூட தனியா ஏறமாட்டா." அதற்கப்புறம் பஸ்ஸில் எனக்கு அதுதான் பெயர். எனக்கு அதில் வருத்தம் இல்லை, உண்மைதானே. இருட்டென்றால் எனக்குப் பயம். மூடிக்கிடக்கும் இடமென்றால் அதைவிடப் பயம்.

எங்களைக் கூட்டிவந்த மேனேஜர் தலை எண்ணமாட்டார். எண்ணும்போது யாராவது எழுந்து நடந்து குழப்பிவிடுகிறார்களாம். அதனால் ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்திருந்தார். பஸ் கிளம்பும் முன் அவரவர் நம்பரை உரக்கச் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு வரை வந்துவிட்டால் வண்டி நகரும். புருஷன் பெண்டாட்டியாக வந்தவர்களில் ஒருவரே இரண்டையும் சொல்லிவிடுவார்கள். அவரும் தாளிலிருந்து நிமிராமல் டிக் போட்டுக்கொள்வார்.

அக்கா பதினொன்று, நான் பன்னிரண்டு. "பதினொண்ணு, பன்னெண்டு" என்று அவள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். ஏழு நாளில் என் நம்பரை நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எங்களுக்குக் கடைசி வரிசை. மதியச் சாப்பாடு முடிந்தால் அக்கா காலை நீட்டிப் படுத்துவிடுவாள். முன்னால் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கவே மாட்டார்கள். பார்த்தால் அவளிடமிருந்து ஏதாவது அறிவுரை கிடைக்கும்.

முந்தாநாள் மதியம் மலைமேல் இருக்கும் கோட்டைக்குப் போனோம். இந்த வருஷத்துக்கு இன்றுதான் கடைசி நாள், நல்லவேளை வந்தீர்கள் என்று காவலாளி சிரித்தார். அன்று சாயங்காலம் பூட்டினால் பனி உருகிய பிறகுதான் திறப்பார்களாம். கோட்டைக்குள்ளேயே ஒரு சின்னத் தேவாலயம் இருந்தது. பலிபீடத்துக்குப் பின்னால் கையைக் காட்டி வழிகாட்டி ஒரு விஷயம் சொன்னார். கீழே ஒரு சிறை இருக்கிறது, சுவர் ஆறடி கனம், உள்ளே கிடப்பவன் எவ்வளவு கத்தினாலும் மேலே ஜெபம் செய்பவர்களுக்குக் கேட்காது என்றார். அங்கே போகக் கூடாதென்று கயிறு கட்டியிருந்தது. எல்லாரும் கோபுரம் ஏறக் கிளம்பினார்கள்.

அக்கா கயிற்றைத் தூக்கினாள். "வாடி, யாரு பார்க்கப் போறாங்க. என்னை ஒரு படம் எடு" என்று போனை என் கையில் கொடுத்தாள். பதினான்கு படி. வேண்டாம் என்று சொன்னேனா, நினைத்தேனா என்று இப்போது நினைவில்லை. கீழே ஒரு இரும்புக் கதவு திறந்து கிடந்தது. அக்கா உள்ளே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். தட்டிக்கொண்டே சொன்னாள்.

"சொல்ல மறந்துட்டேன். உன் முதலாளிகிட்ட நானே பேசிட்டேன். இனிமே நீ வேலைக்கு வரமாட்டேன்னு சொல்லியாச்சு. உன் வீட்டையும் காலி பண்றதா சொல்லிட்டேன். ஊருக்குப் போனதும் நேரா என் வீடுதான். சரி, எடு."

எடுத்தேன். ஃப்ளாஷ் வெளிச்சத்தில் அந்த அறை முழுசாகத் தெரிந்தது. ஒரு ஆள் படுக்கலாம், ஜன்னல் இல்லை. அக்கா வீட்டில் எனக்கென்று ஒதுக்கப்போகும் அறையை நான் பார்த்திருக்கிறேன். சமையலறையை ஒட்டி, சாமான் போட்டு வைத்திருக்கிறாள். அதற்கும் ஜன்னல் கிடையாது. இதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். நான் கோபத்தில் எதுவும் செய்யவில்லை, பயத்தில்தான் செய்தேன்.

கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. கொஞ்சம் தூக்கி இழுத்தால் உட்கார்ந்துவிடுகிறது. நுணுக்கமான வேலை செய்து பழகிய கை, உடனே பிடிபட்டுவிட்டது.

"விளையாடாதடி. திற" என்றாள் அக்கா. பிறகு கதவைத் தட்டினாள். முதலாளியிடம் பேசியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றாள், என்னைத் திட்டினாள், அம்மாவை இழுத்தாள். அப்புறம் கதவுக்குப் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கு பயமா இருக்குடி."

அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை அதற்குமுன் நான் கேட்டதே இல்லை. அவளைத் தனியாக விட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை. அதனால் பஸ் ஹாரன் அடிக்கும் வரை அங்கேயே நின்றேன். நாலு படி ஏறியதும் குரல் மங்கிவிட்டது. மேலே ஒன்றும் கேட்கவில்லை. வழிகாட்டி சொன்னது சரிதான்.

பஸ்ஸில் நம்பர்கள் வந்துகொண்டிருந்தன. எட்டு, ஒன்பது, பத்து. அதோடு நின்றது. மேனேஜர் தலை நிமிரப்போகிறார் என்று தோன்றிய நொடியில், "பதினொண்ணு, பன்னெண்டு" என்றேன்.

"அட, பயந்தாங்கொள்ளிக்கு வாய் வந்துடுச்சே" என்று முன்சீட்டில் இருந்த வாத்தியார் ஒருவர் சிரித்தார். அக்கா தூங்கிவிட்டார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வண்டி நகர்ந்தது. காவலாளி கேட்டை இழுத்துப் பூட்டுவது பின்கண்ணாடியில் தெரிந்தது.

ஆறு மணிக்கு ஹோட்டல் அறையில் அக்காவின் போன் அடித்தது. உயிரே போய்விட்டது எனக்கு. பிரஷர் மாத்திரைக்கு அவள் வைத்த அலாரம்தான். அணைத்துவிட்டு எல்லா விளக்கையும் போட்டேன். அங்கே விளக்கு இருக்காதே என்று ஒரு நிமிஷம் நினைப்பு வந்தது. சாப்பிட அக்கா வரவில்லையா என்று மேனேஜர் கேட்டார். தலைவலி என்றேன். நேற்றுக் காலையும் கேட்டார். இந்த ஊரில் இருக்கும் தோழி வீட்டுக்குப் போய்விட்டாள், நேராக விமான நிலையத்துக்கு வந்துவிடுவாள் என்றேன். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலா?" என்றவர், "அவங்க அப்படித்தான்" என்று தானே சொல்லிக்கொண்டு போய்விட்டார். நேற்று இரண்டு தேவாலயங்கள் பார்த்தோம். இரண்டாவதில் அக்காவுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

சாயங்காலம் அடுத்த ஊர் ஹோட்டலில் பாஸ்போர்ட் கேட்டார்கள். அப்போதுதான் உறைத்தது. என் பாஸ்போர்ட் என்றைக்கு என் கையில் இருந்திருக்கிறது? இரண்டும் அக்காவின் பையில். பை அவள் தோளில். நான் விழித்ததைப் பார்த்துத்தான் மேனேஜர் உங்களுக்குப் போன் செய்தார். ராத்திரி முழுக்க அந்தத் தோழி வீட்டைத் தேடினீர்களாமே. அப்படி யாரும் இல்லை. அலைய விட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பெண் ஏன் அழுகிறாள்? அழாமல் அதிகாரிக்குச் சொல்லச் சொல்லுங்கள். பலிபீடத்துக்குப் பின்னால், கயிற்றைத் தாண்டி, பதினான்கு படி. தாழ்ப்பாளைத் தூக்கித்தான் இழுக்க வேண்டும். சும்மா இழுத்தால் வராது. உயிரோடு இருக்கிறாளா என்று என்னைக் கேட்டால் எப்படி? நான் கதவைச் சாத்தும்போது நன்றாகத்தான் இருந்தாள். அந்தப் பையில் என் பாஸ்போர்ட் இருக்கிறது, மறக்காமல் எடுத்து வாருங்கள்.

முன்பே சொல்லியிருக்கலாமே என்கிறார் அதிகாரி. அவரிடம் சொல்லுங்கள், கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என்னை யாரும் எதையும் கேட்பதே இல்லை.